ஐஸ்பெட்டி அண்ணியும் எழுந்துவிட்ட ரத்தமும்

எங்கள் வீட்டு ஆட்களில் அண்ணியை முதலில் பார்த்தது அண்ணன்தான். அண்ணி அன்றைக்கு வந்தது ஐஸ் வாங்க.

அண்ணன் அப்போது ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். பாளம் பாளமாக உறைந்து வரும் ஐஸை அரைக்கிற இயந்திரம் அவன் பொறுப்பு. மீன் லாரிக்காரர்களும் குளிர்பானக் கடைக்காரர்களும் வந்து போகும் அந்த ஈர வாசலில், ஒருநாள் காலையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரி லேப்பில் ஐஸ் மெஷின் படுத்துவிட்டதாம், அரைத்த ஐஸ் வேண்டுமாம். அண்ணன் லாரிக்குப் போடுவது மாதிரி அள்ளிப் போட்டான். அவர் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, இது ஆகாது, இன்னும் பொடியாக வேண்டும், கட்டியாக இருந்தால் குழாய்க்கும் ஐஸுக்கும் நடுவில் காற்று நிற்கும் என்றார். இரண்டாம் முறை அரைத்தான். அதுவும் போதவில்லை. மூன்றாம் முறை அரைக்கும்போது, இவ்வளவு பக்குவமாக எதைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். ரத்தம் என்று பதில் வந்ததும் இயந்திரத்தையே நிறுத்திவிட்டானாம்.

லேப்பில் மெஷின் சரியான பிறகும் அந்தத் தெர்மாகோல் பெட்டி ஐஸ் கம்பெனிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். வார்டுக்கு வரும்போதெல்லாம் கையில் பெட்டி இருக்கும், அதனால் வந்த பெயர். மேலே இருக்கிறவர்களுக்கு ஐஸ் வைக்கத் தெரியாதவர், குழாய்க்கு மட்டும்தான் வைப்பார் என்று லேப்பில் கேலி செய்வார்கள். அண்ணி காதில் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறேன். துணிப் பிரிவில், கட்டில் விரிப்பு மாற்றுவது, அழுக்கு மூட்டையைத் தள்ளிக்கொண்டு போவது என்று வார்டு வார்டாகச் சுற்றுகிற வேலை. அதனால் இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அண்ணியும் மற்றவர்களும் சொல்லிக் கேட்டது.

கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. ரத்தம் என்றால் சர்க்கரை பார்ப்பார்கள், கொழுப்பு பார்ப்பார்கள், இவள் எதைப் பார்க்கிறாள் என்று என்னிடம் கேட்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டாள். காம்ப்ளிமென்ட் டெஸ்ட் என்றார் அண்ணி. அம்மா காதில் அது கம்ப்ளைண்ட் என்று விழுந்தது. யார்மேல் கம்ப்ளைண்ட் என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது கம்ப்ளைண்ட் டெஸ்ட்தான்.

அண்ணி பொறுமையாகச் சொன்னார். நம் ரத்தத்தில் சில புரதங்கள் இருக்கின்றன, சாதாரணமாகச் சும்மா படுத்துக் கிடக்கும். கிருமி உள்ளே வந்தால் ஒன்று எழுந்து இன்னொன்றை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், கடைசியில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து கிருமியின் மேல் ஓட்டை போட்டுவிடும். நல்ல காவல்தான். ஆனால் சிலருக்கு எதிரியே இல்லாமல் எழுந்துகொண்டு சொந்த உடம்பையே அடிக்க ஆரம்பிக்கும். சிறுநீரகம் போகும், ரத்த அணுக்கள் உடையும். அப்படி எவ்வளவு எழுந்திருக்கிறது என்று அளப்பதுதான் தன் வேலை என்றார்.

"இதுல என்ன கஷ்டம்னா அத்தை, அவங்க உடம்பை விட்டு வெளிய வந்தாலே எழுந்துக்குவாங்க. கொஞ்சம் சூடு பட்டா போதும், கொஞ்சம் நேரமானா போதும். அப்புறம் அளந்து பார்த்தா, உடம்புக்குள்ளயே எழுந்தாங்களா, என் குழாய்ல வந்து எழுந்தாங்களான்னு தெரியாது."

புரதங்களை அண்ணி 'அவங்க' என்றுதான் சொல்வார். அம்மா ஒரு விரிப்பை உதறி மடித்துவிட்டு, "அப்ப பச்சப்புள்ளைய தூங்க வெச்சு தோள்ல போட்டுட்டு நடந்து வர மாதிரி வரணும்னு சொல்லு" என்றாள். அதுதான், அதேதான் என்று அண்ணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நடையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றப் பரிசோதனைகளுக்கு நர்ஸ் ரத்தம் எடுத்து ஆள் மூலம் அனுப்பிவிடுவார். இதற்கு மட்டும் அண்ணி தானே வருவார். நரம்பைத் தடவிப் பார்த்து, கையை இறுக்கிக் கட்டாமல், ஊசி போனதும் ரத்தம் தானாக வரும்படி விடுவார். ஊதா மூடி போட்ட குழாய். அதைக் குலுக்க மாட்டார். மணல் கடிகாரத்தைத் திருப்புவது மாதிரி மெல்லத் திருப்பித் திருப்பி, ஐஸுக்குள் கழுத்துவரை புதைத்து, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்புவார். வழியில் யார் நலம் விசாரித்தாலும் நிற்க மாட்டார், ஓடவும் மாட்டார். லேப்பில் சென்ட்ரிஃப்யூஜ் என்று ஒரு இயந்திரம். குழாய்களைக் குளிரிலேயே வைத்துச் சுழற்றும். சுழன்று நின்றால் சிவப்பு அடியில் தங்கி, வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் மேலே நிற்கும். அடியைத் தொடாமல் மேலிருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து அளக்க வேண்டும். உடனே அளக்க முடியாததைக் கடுங்குளிர்ப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறையும் நோயாளியின் ரத்தத்தோடு தன் ரத்தத்தையும் ஒரு குழாய் எடுத்துச் சேர்த்து வைப்பார். நோயில்லாத ஆளின் ரத்தம் அமைதியாகத்தான் இருக்க வேண்டும். அது எழுந்திருந்தால் கோளாறு லேப்பில் என்று அர்த்தம். ஊரில் யாருடைய ரத்தத்தையும் இவ்வளவு முறை பார்த்திருக்க மாட்டார்கள், உடம்பு முழுக்க ஓட்டைதான் மிச்சம் என்று அண்ணன் கிண்டலடிப்பான்.

அப்படிப்பட்ட அண்ணியின் கையிலும் ஒருநாள் தவறியது.

பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை நன்றாகப் பிறந்தது. அடுத்த நாளிலிருந்து தாய்க்கு உடம்பு கெட்டது. முகம் ஊதியது, சிறுநீர் குறைந்துகொண்டே வந்து டயாலிசிஸ் வைக்க வேண்டியதாயிற்று, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்தன. சிறுநீரக டாக்டர் அம்மா வந்து பார்த்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, மெதுவான குரலில் எல்லாவற்றையும் கேட்கும் பழக்கம் அவருக்கு. கிருமித் தொற்றாக இருக்கலாம், அல்லது அந்தக் காவல் புரதங்கள் கட்டுமீறி எழுந்ததாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். இரண்டாவது என்றால் அவற்றைக் கட்டிப்போட ஒரு மருந்து இருக்கிறது. ஆனால் தொற்று இருக்கும் உடம்பில் காவலைக் கட்டிப்போட்டால் ஆபத்து. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அண்ணியின் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார். அந்த ஒரு எண் மட்டும் முடிவு செய்துவிடாது. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதில் தெரியும்.

அன்று காலை அண்ணி வழக்கம்போல வந்தார், எடுத்தார், நடந்தார். பகல் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடிவு வந்தது. கண்டக்டரின் ரத்தம் மிகவும் எழுந்திருந்தது. அண்ணியின் சொந்த ரத்தமும் கொஞ்சம் எழுந்திருந்தது.

அண்ணி அதைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுக்கடுக்காகத் தும்மியது நினைவுக்கு வந்தது. ஜலதோஷம் பிடிக்கப் போகிறது, அதனால்தான் நம் ரத்தம் விழித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மேலே டாக்டர் காத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவிலேயே இருந்ததால் பகலில் அண்ணி சாப்பிட வீட்டுக்கு வருவார். அன்று அவர் வெந்நீர் கேட்டார். எதற்கு என்றாள் அம்மா. ஜலதோஷம் வருகிற மாதிரி இருக்கிறது, காலையில் பார்த்தீர்கள் இல்லையா, அப்படித் தும்மினேன் என்றார் அண்ணி.

அம்மா சிரித்துவிட்டாள். "அது நான் மேல் அலமாரியில தூசி தட்டினதுல வந்த தும்மல்மா. எனக்கும் வந்துச்சு, உன் புருஷனுக்கும் வந்துச்சு. உனக்கு ஒரு ஜலதோஷமும் இல்ல. சாப்பிடு."

அண்ணி கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிற்று என்று அம்மா பிறகு சொன்னாள். கையைக் கழுவிவிட்டு, செருப்பைக்கூட மாட்டியும் மாட்டாமலும் படியிறங்கிப் போய்விட்டார்.

லேப்பில் நேராகச் சென்ட்ரிஃப்யூஜிடம் போனார். வெளியே இருந்த திரையில் குளிர் அளவு சரியாகத்தான் காட்டியது. மூடியைத் திறந்து உள்ளே கையை வைத்தார். யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ச்சி எப்போதோ செத்துவிட்டது. மோட்டார் சூட்டிலேயே குழாய்கள் சுழன்றிருக்கின்றன. ஐஸில் புதைத்து அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்ததெல்லாம் அங்கே வீணாகிவிட்டது.

லேப் தலைவர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். எதையும் பேப்பரில் போடுவதற்கு முன் பத்து தடவை யோசிப்பவர். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவர் கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் இன்னொரு தடவை எடுத்துச் செய்துவிடலாம், முடிவு அதேதான் வரும், அதற்குள் எதற்கு ஊரைக் கூட்ட வேண்டும் என்றார். அண்ணிக்கும் அந்த யோசனை ஒரு நொடி இனித்ததாம். மறைக்காமல் என்னிடம் சொன்னார். ஆனால் மருந்து அதற்குள் மருந்தகத்திலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"சார், நான் திரும்பச் செஞ்சு முடிக்கறதுக்குள்ள அவங்க ஏத்திடுவாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி படியேறினார்.

டாக்டர் நர்ஸ்களின் மேஜையருகே நின்றிருந்தார். மருந்துப் பெட்டி வந்து சேர்ந்திருந்தது. நான் விரிப்பு வண்டியோடு அதே இடைவழியில் நின்றேன். அண்ணி வேர்வையோடு வந்து, தான் கொடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் என்றார். இயந்திரம் சூடாகியிருந்தது, அதற்கு அடையாளம் தன் ரத்தத்திலேயே தெரிந்தது, அதைத் தான்தான் தவறாகப் புரிந்துகொண்டு அனுப்பிவிட்டதாக, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

டாக்டர் தலைமேலிருந்த கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். "எவ்வளவு தப்பு இருக்கும்?"

"தெரியாது டாக்டர். தப்பாவும் இருக்கலாம், சரியாவும் இருக்கலாம். தெரியாதுங்கறதுதான் இப்ப என்னால சொல்ல முடிஞ்சது."

டாக்டருக்குக் கோபம் வந்தது. அவர் குரல் உயரவில்லை, ஆனால் நர்ஸ்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அந்தப் பெண்ணின் கணவரை உட்காரவைத்துப் பேசினேன், அவரைச் சம்மதிக்க வைத்தேன், இப்போது அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றார் அண்ணி. அது உங்கள் வேலை இல்லை என்றார் டாக்டர். பிறகு மருந்துப் பெட்டியைத் திரும்பக் குளிரில் வைக்கச் சொன்னார். மறுபடி செய்ய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். பொழுது சாய்வதற்குள் என்றார் அண்ணி.

கட்டிலருகே இருவரும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் சொல்ல ஆரம்பித்ததும் கணவர் எழுந்துவிட்டார். காலையில் ஒன்று மாலையில் ஒன்று சொல்வதற்கு இது என்ன விளையாட்டா என்றார். இன்னும் கடுமையாகவும் சில வார்த்தைகள் வந்தன. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெண்டாட்டி ஊதிப்போய்க் கிடக்கிறாள், பிள்ளை வேறொரு அறையில் கிடக்கிறது. அண்ணி எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு கட்டிலில் இருந்தவளிடம் குனிந்து, "என்மேல தப்பும்மா. உன்னை மறுபடி குத்தணும். மன்னிச்சுக்கோ" என்றார்.

கண்டக்டர் கண்ணைத் திறந்து பார்த்தாள். பேசவே தெம்பில்லை அவளுக்கு. இருந்தாலும் சொன்னாள்: "டிக்கெட்ட தப்பா கிழிச்சா நாங்களும் வேற கிழிச்சுத்தான் குடுப்போம் அக்கா. ஆனா தப்பா கிழிச்சேன்னு ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல." கையைத் தானே நீட்டினாள். கணவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இந்தமுறை அண்ணி ரத்த வங்கியின் சென்ட்ரிஃப்யூஜைக் கேட்டு வாங்கினார். உள்ளே கையை வைத்துப் பார்த்து, கை மரத்துப்போகும் வரை வைத்திருந்து, அப்புறம்தான் குழாய்களை வைத்தார். தன் ரத்தம் மட்டும் போதாது, இன்னொரு நோயில்லாத ஆள் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். "கையை நீட்டு" என்றார். நாத்தனாரைக் குத்த இதுதான் சாக்கு என்று நான் முணுமுணுத்தேன். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அது.

சாயங்காலம் முடிவு வந்தது. அண்ணியின் ரத்தம் அமைதி. என் ரத்தம் அமைதி. கண்டக்டரின் ரத்தம், காலையில் காட்டிய அளவுக்கு இல்லாவிட்டாலும், இருக்க வேண்டியதற்கு வெகு மேலே எழுந்து நின்றது. தொற்றுக்கான பரிசோதனைகளிலும் ஒன்றும் வளரவில்லை. டாக்டர் மருந்தை ஏற்றினார். காவல் கட்டப்படும் நாட்களில் வேறு கிருமி புகுந்துவிடாமலிருக்கத் தடுப்பூசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்.

லேப் தலைவருக்கு ஆற்றாமை. அப்போதே சொன்னேன் இல்லையா, அதே முடிவுதானே வந்தது, அரை நாளும் போயிற்று, பேரும் கெட்டது என்றார்.

அண்ணி குழாய்களைக் கழுவ வைத்துக்கொண்டே சொன்னார்: "காலையில நான் சொன்னது குருட்டாம்போக்கு சார். இப்ப சொன்னதுதான் ரிப்போர்ட்."

ஆனால் அந்த அரை நாள் அண்ணியை விடவில்லை. அன்று கண்டக்டருக்கு இன்னொரு தடவை டயாலிசிஸ் வைக்க வேண்டி வந்தது. நேரத்தோடு மருந்து போயிருந்தால் அது தேவைப்பட்டிருக்காதா என்று அண்ணி டாக்டரைக் கேட்டார். தெரியாது என்றார் டாக்டர். ஆறுதலுக்காக, அப்போதும் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்லாமல், தெரியாது என்று சொன்னதற்காகவே அண்ணிக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. அதன்பின் சில நாட்கள் எங்கள் வீட்டில் அண்ணி சரியாகப் பேசவில்லை. அண்ணன் அவரைத் தேற்றுகிறேன் என்று ஏதாவது உளறி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு பரிசோதனை உண்டு. தயார்செய்த ஆட்டு ரத்த அணுக்களோடு நோயாளியின் ரத்தநீரைச் சேர்ப்பார்கள். காவல் புரதங்கள் விழித்திருந்தால் அணுக்களை உடைத்துவிடும், கலங்கலாக இருந்த திரவம் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிவப்பாகிவிடும். அவை கட்டுண்டு கிடந்தால் அணுக்கள் உடையாது, கலங்கலாகவே நிற்கும். ஒருநாள் நான் அந்தப் பக்கம் வண்டி தள்ளிக்கொண்டு போனபோது அண்ணி கூப்பிட்டுக் குழாயை வெளிச்சத்தில் காட்டினார். பக்கத்தில் என் ரத்தநீர் போட்ட குழாய், தெளிந்து பளபளவென்றிருந்தது. கண்டக்டருடையது மழைத்தண்ணீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. எனக்கு முதலில் பயமாகிவிட்டது. "இப்படிக் கலங்கிக் கிடக்கறதப் பாத்து சந்தோஷப்படற ஆள் நான் ஒருத்திதான்" என்றார். கண்ணும் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது.

தட்டணுக்கள் ஏறின. சிறுநீர் மறுபடி நன்றாகப் பிரிந்தது. அந்தச் செய்தியை வார்டில் கல்யாணச் செய்தி மாதிரிச் சொல்லிக்கொண்டார்கள். குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்கள். கண்டக்டர் வீட்டுக்குப் போனாள். மருந்துக்கு மட்டும் அவ்வப்போது வந்து போகிறாள். அண்ணியைத் தவிர வேறு யாரையும் தன் கையைத் தொட விடுவதில்லை.

அண்ணிக்குத் தண்டனை வராமல் இல்லை. தவறான ரிப்போர்ட் வெளியே போனதற்கு விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. அண்ணி நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். காம்ப்ளிமென்ட் மேஜையிலிருந்து எடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை மேஜையில் உட்கார வைத்தார்கள். தானே போய்ச் சொன்னவருக்கு இந்தக் கூலியா என்று வீட்டில் குதித்தேன். தப்பு போனது உண்மைதானே என்றார் அண்ணி. அந்த மேஜையில் உட்கார்ந்த மாதங்களில் ஒவ்வொரு கோப்பையையும், ஒவ்வொரு கண்ணாடித் தகட்டையும், ஏதோ மன்னர் அனுப்பிய மாதிரி மதித்துத்தான் பார்த்தார்.

அவரை மறுபடி பழைய மேஜைக்குக் கேட்டது சிறுநீரக டாக்டர். நிர்வாகக் கூட்டத்தில் லேப் தலைவரிடம் நேராகவே சொன்னாராம்: "தப்பாயிடுச்சுன்னு மாடியேறி வந்து சொல்ற ஆள் கொடுத்த எண்ணைத்தான் என்னால கண்ண மூடிக்கிட்டு நம்ப முடியும்."

திரும்பி வந்த அண்ணி சில நிபந்தனைகள் வைத்தார். இனி இயந்திரத்துக்குள் தனியாக ஒரு வெப்பமானி வேண்டும். தன் ரத்தம் ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது, தும்மல், ஜலதோஷம் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொள்ளும் புத்தி எல்லாருக்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு ஒரு நோயில்லாத ஆளும் கை நீட்ட வேண்டும், அவர் எண்ணை வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். லேப்பில் எல்லாரும் முறை போட்டுக்கொண்டார்கள்.

முதல் முறை லேப் தலைவருக்கு விழுந்தது. அவரும் மறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் ரத்தத்தோடு குடித்தனம் நடத்திய மனிதருக்கு ஊசியென்றால் ஆகாது என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முடிந்ததா, முடிந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை சார் என்றார் அண்ணி, நரம்பைத் தடவிக்கொண்டே.